பன்னிரண்டு இலைப் பந்தி

மைனிக்கு அந்த விளையாட்டு விளையாடத் தெரியாது. ஒருநாள் அண்ணன் கட்டாயப்படுத்தி உட்கார வைத்தபோது, கையில் கோடரியோடு நேராகக் கடலுக்குள் நடந்து போய் மூழ்கிவிட்டு, இதில் என்ன இருக்கிறது என்று எழுந்து போனவர். ஆனால் அந்த விளையாட்டு நடந்த சர்வரில் யார் உள்ளே இருக்கிறார்கள், யார் வெளியே நிற்கிறார்கள், உள்ளே இருப்பவர்களில் யாருடைய மனசு வெளியே இருக்கிறது என்பதெல்லாம் அவரைக் கேட்டால்தான் தெரியும். பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் இன்றைக்கும் எங்காவது என்னைப் பற்றி ஒரு வரி எழுதிப் போட்டுவிடுவார். மைனி என்றே இருக்கட்டும். எங்கள் பக்கத்தில் அண்ணன் மனைவியை அப்படித்தான் கூப்பிடுவோம்.

அண்ணன் என்றால் என் பெரியம்மா மகன். இரணியலில் ரயில்வே ஸ்டேஷன் போகிற ரோட்டில் வீடு. பின்னறையில் தேங்காய்க் குவியலுக்குப் பக்கத்தில் ஒரு பழைய கம்ப்யூட்டரை வைத்து அவர்தான் சர்வர் தொடங்கினார். காட்டை வெட்டி வீடு கட்டி, ஆடு வளர்த்து, சந்தை கூட்டி, இடையிடையே அடிதடியும் நடத்துகிற விளையாட்டு. தக்கலையில் செல்போன் கடை வைத்திருந்தவர், குழித்துறையில் டியூஷன் எடுத்துக்கொண்டிருந்த கல்யாணமாகாத நண்பர், மஸ்கட்டில் இரண்டு பேர், சென்னையில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த நான் என்று கூட்டாளிகள் சேர்ந்தோம். அந்தக் கம்ப்யூட்டர் ஒரே நேரத்தில் பன்னிரண்டு பேரைத்தான் தாங்கும். பதின்மூன்றாமவர் வெளியே நிற்க வேண்டும்.

தோஹாவுக்கு வேலைக்குப் போகும் முன் அண்ணன் ஒரு வலைப்பக்கம் செய்து வைத்தார். உள்ளே இருப்பவர் பெயர், எப்போது வந்தார், எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறார் என்று அது தானாகவே காட்டிக்கொண்டிருக்கும். தூரம் என்பது மைனி வைத்த பெயர். நம் சமிக்ஞை சர்வருக்குப் போய்த் திரும்ப ஆகும் நேரம் அது. தக்கலைக்காரருக்கு ஒற்றை இலக்கம் காட்டும், கடல் கடந்தவர்களுக்கு மூன்று இலக்கம் காட்டும். கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் காலியாகக் கிடந்தது. கரண்டு போய் வந்தால் சுவிட்சைப் போடு, வேறு ஒன்றும் செய்ய வேண்டாம் என்று மனைவியிடம் சொல்லிவிட்டுத்தான் அண்ணன் விமானம் ஏறினார். அந்தக் காலிக் கட்டத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் போனதுதான் அவர் செய்த பிழை.

மைனியின் அப்பா கல்யாணச் சமையல்காரர். எங்கள் பக்கத்தில் தவசுப்பிள்ளை என்பார்கள். சின்ன வயதில் மைனிக்கு அப்பா கொடுத்திருந்த வேலை, பந்திக் கதவிடுக்கில் நின்று எட்டிப் பார்ப்பது. பந்தி எங்கே நிற்கிறது என்று அடுக்களையிலிருந்து அப்பா கேட்பார். முதல் வரிசை புளிசேரி, ரெண்டாம் வரிசை சாம்பார், ஓரத்தில் ஒரு மாமா பப்படத்துக்குக் காத்திருக்கிறார் என்று மைனி உள்ளே பார்த்துக் கத்துவார். அதை வைத்துத்தான் அடுப்பிலிருந்து பாயசம் இறங்கும். ஒருநாள் விளையாட்டாக, சாம்பாரில் நின்ற பந்தியை மோருக்கு வந்துவிட்டது என்று கத்தியிருக்கிறார். அடுத்த பந்திக்காரர்கள் தள்ளுமுள்ளாக உள்ளே புகுந்து இலைக்குப் பின்னால் நிற்க, சம்பந்தி வீட்டார் பாயசம் குடிக்காமல் எழுந்து போய்விட்டார்கள். அப்பா திருகிய காது அன்றைக்குச் சிவந்தது. அதோடு பந்தி விஷயத்தில் பொய் சொல்வதை விட்டுவிட்டதாக மைனி சொல்வார். மற்ற விஷயங்களில் விட்டதாக ஒருநாளும் சொன்னதில்லை.

இப்படிப்பட்டவர் கையில் பன்னிரண்டு இடமும் ஒரு காலிக் கட்டமும் கிடைத்தால் என்ன ஆகும்? அண்ணன் போன வாரத்திலேயே குறிப்புகள் வரத் தொடங்கின. அப்போதுதான் நுழைந்தவருக்கு 'பருப்பு'. ஆட்டத்தில் ஊன்றிவிட்டவருக்கு 'சாம்பார்'. ஜெயித்துக்கொண்டிருப்பவருக்குப் பாயசம், எங்கள் பக்கத்துப் பேச்சில் 'பிரதமன்'. எழுந்திருக்கப் போகிறவருக்கு 'மோர்'. எழுந்திருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பார் என்று தெரியாது, ஆனால் பத்தில் ஒன்பது முறை சரியாக இருக்கும். மஸ்கட்காரர் ஒருவர் ஆட்டைப் பட்டியில் அடைக்கத் தொடங்கினாலே மோர் போட்டுவிடுவார். வெளியே நிற்கிறவர்கள் அதைப் பார்த்துத்தான் காப்பி போடப் போவதா நிற்பதா என்று முடிவு செய்தார்கள்.

நான் ஆபீஸ் கூட்டத்தில் உட்கார்ந்துகொண்டு, இடம் போய்விடக் கூடாதே என்று ஆட்டத்தைத் திறந்து வைத்துவிட்டு அசையாமல் இருப்பேன். பிடித்துவிட்டார். என் பெயருக்கு நேரே 'எலையில் ஈ' என்று குறிப்பு விழுந்தது. அடுத்து நானே வெளியே விழுந்தேன். கூட்டம் முடிந்ததும் கூப்பிட்டுச் சண்டை போட்டேன்.

"மக்கா, எலைக்கு முன்னால இருந்தா தின்னணும். இல்லேன்னா எழும்பிக் கை கழுவணும். பொறத்த ஆளு நிக்கு, கேட்டியா?"

வலைப்பக்கத்தை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்பதால் வினை வேறு திசையிலும் வளர்ந்தது. கடையில் வேலை என்று சொல்லிவிட்டு விளையாடிக்கொண்டிருந்த தக்கலைக்காரரின் மனைவி மைனியைக் கூப்பிட ஆரம்பித்தார். மைனி ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுவார்: இருக்கிறார், இப்போதுதான் சாம்பாருக்கு வந்திருக்கிறார், எழுந்திருக்க நேரமாகும். தக்கலைக்காரர் நேரில் வந்து, கடையிலிருந்து ஒரு நல்ல சார்ஜரைக் கொடுத்து, இனிமேல் ஒரு தடவையாவது இல்லை என்று சொல்லக் கூடாதா என்று கெஞ்சினார். மைனி சார்ஜரை வாங்கிக்கொண்டார். மறுநாள் அவர் பெயருக்கு நேரே, 'சாம்பார். சார்ஜர் கொள்ளாம்' என்று, சார்ஜர் நன்றாக இருக்கிறது என்ற பாராட்டோடு, எழுதியிருந்தது. அதற்குப் பிறகு அவர் லஞ்சம் கொடுப்பதை விட்டுவிட்டு மனைவிக்கும் ஆட்டம் சொல்லிக் கொடுத்துவிட்டார். அந்த அம்மாள் சீக்கிரமே அவரைவிடப் பெரிய வீடு கட்டினார்.

ஒருமுறை திருவனந்தபுரத்துப் பையன்கள் ஆறு பேர் எங்களோடு மோத வந்தார்கள். ஆட்டம் தொடங்கும் நேரத்தில் அவர்களில் ஒருவனுக்கு இணைப்பு வரவில்லை. எங்களுக்குக் கொண்டாட்டம், ஐந்து பேரை அடிப்பது சுலபம்தானே. ஆனால் மைனி மொத்த ஆட்டத்தையும் அப்படியே நிறுத்தி வைத்துவிட்டார். தூக்கிய கத்தியோடு நான் சிலை மாதிரி நிற்கிறேன். திரையில் அறிவிப்பு ஓடுகிறது: 'எல்லா எலைக்கும் சோறு வந்த பெறவு கை வச்சாப் போதும்.' வந்தவர்கள் இது ஏதோ சூழ்ச்சி என்று முதலில் கத்தினார்கள். ஆறாமவன் வந்து சேரும்வரை யாரும் அசைய முடியவில்லை. வந்தவன்தான் எங்கள் எல்லோரையும் அடித்து நொறுக்கினான். எங்கேயும் தனக்காக ஒரு சர்வர் காத்திருந்ததில்லை என்று போகும்போது எழுதிவிட்டுப் போனான். நாங்கள் மைனியோடு இரண்டு நாள் பேசவில்லை. அவருக்கு அது தெரிந்ததாகவே தெரியவில்லை.

பெரியம்மாவுக்கும் அந்த வலைப்பக்கம் பழகிவிட்டது. மகனுடைய பெயர் அதில் வந்தால் அவன் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து நன்றாக இருக்கிறான் என்று அவருக்கு அர்த்தம். வெள்ளிக்கிழமை அண்ணனுக்கு விடுமுறை, அன்றுதான் வருவார். கடலுக்கு அந்தப் பக்கமிருந்து வருகிறவர் என்று மைனி அவருக்குத் தனிச் சலுகை எதுவும் தந்ததில்லை. வீட்டுக்காரர்கள் கடைசிப் பந்தியில்தானே உட்கார வேண்டும் என்று தன் சொந்த சர்வருக்கு வெளியே அண்ணனை நிற்க வைப்பார்.

ஒரு மழைக்காலத்தில் அண்ணன் வெள்ளிக்கிழமை மட்டுமல்ல, எல்லா நாளும் வரத் தொடங்கினார். காலையில் வந்தால் சாயங்காலம்வரை இருந்தார். சென்னையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த நான், வேலை குறைவு போல என்று நினைத்தேன். பிறகு தூரக் கட்டத்தைப் பார்த்தேன். தோஹாவில் இருக்கிறவருக்கு ஒற்றை இலக்கம் காட்டிக்கொண்டிருந்தது. மைனியைக் கூப்பிடலாம் என்று போனை எடுப்பதற்குள் அந்தக் கட்டமே பக்கத்திலிருந்து காணாமல் போய்விட்டது. எல்லோரும் கேட்டார்கள். 'பந்தியில் தூரம் பார்க்கிறது மரியாதை இல்லை' என்று அறிவிப்பு வந்தது. அவரே கற்றுக்கொண்டு அழித்திருக்கிறார்.

நான் கூப்பிட்டபோது, நீ பார்த்தது உன்னோடு இருக்கட்டும் என்றார். அண்ணன் எங்கே இருக்கிறார் என்று தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்றார். குழித்துறை டியூஷன் நண்பரின் மாடி அறையில். எப்படித் தெரியும் என்றால், குழித்துறையில் கரண்டு போகும்போதெல்லாம் நண்பருடைய பெயரும் அண்ணனுடைய பெயரும் ஒரே நொடியில் பக்கத்திலிருந்து விழுகின்றன. ரெண்டு எலையும் ஒன்றாக எழும்புகிறது, வேறென்ன தெளிவு வேண்டும் என்று கேட்டார்.

முழு விஷயத்தையும் நண்பரை மிரட்டி நான்தான் வாங்கினேன். தோஹாவில் கம்பெனியைப் பூட்டிவிட்டார்கள். அண்ணன் திரும்பி வந்து சில வாரமாகிறது. போகும்போது தெருவே திரண்டு வந்து வழியனுப்பியது. சூப்பர்வைசர் ஆகாமல் ஊருக்குள் கால் வைக்க மாட்டேன் என்று பெரியம்மா முன்னால் வாய் விட்டிருந்தார். அந்த வாய்தான் இப்போது அவரை வீட்டுக்கு இரண்டு ஸ்டேஷன் தள்ளி உட்கார வைத்திருந்தது. வீட்டுக்குத் தினமும் போன் மட்டும் செய்தார், தோஹாவில் வெயில் தாங்க முடியவில்லை என்று சொல்லிக்கொண்டு.

மைனியின் குறும்புக்கு இது பெரிய வேட்டை. ஒருநாள் அண்ணன் பேசும்போது பின்னால் தகரக் கூரையில் மழை கொட்டுகிற சத்தம் கேட்டிருக்கிறது. அது என்ன சத்தம் என்று மைனி அப்பாவியாகக் கேட்க, ஏசி சத்தம் என்றிருக்கிறார் அண்ணன். போனை வைத்துவிட்டு மைனி உடனே என்னைக் கூப்பிட்டார்.

"அங்கயும் இங்கயும் ஒரே ஏசிதான் பெய்யுது மக்கா."

சிரித்துத் தீர்த்தோம். சிரித்து முடித்த பிறகு அவர் குரல் மாறியது. அண்ணன் உள்ளே வந்தால் வீடு கட்டுவதில்லை, சண்டைக்குப் போவதில்லை, சந்தைக்கும் போவதில்லையாம். அந்த விளையாட்டுக் கடற்கரையில் போய் ஒரே இடத்தில் நிற்கிறார், நாள் முழுக்க. மற்றவர்களாக இருந்தால் 'எலையில் ஈ' என்று போட்டுத் தள்ளியிருப்பார். இவருக்குக் குறிப்புக் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தார். வெளியே ஆட்கள் காத்து நின்றும் அந்த ஓர் இடத்தை அவர் தொடவில்லை.

"நேரா போய் நின்னா இன்னும் தூரத்துக்கு ஓடிருவாவ. தானா வரணும். ஆனா இப்பிடியே இருந்தா என்ன செய்வாவளோன்னு எனக்குப் பயமா இருக்கு மக்கா."

மைனி பயம் என்று சொல்லி நான் கேட்டது அந்த ஒருமுறைதான். எனக்கும் பயம் தொற்றிக்கொண்டது. பெரியம்மாவிடம் சொல்லிவிடலாமா என்றேன். பிள்ளை ஒளிந்திருக்கிறான் என்று தாய் அடுத்தவர் வாயால் கேட்கக் கூடாது என்று முடித்துவிட்டார்.

மறுநாள் காலை வலைப்பக்கம் திறக்கவில்லை. டெலிகிராம் குழுவில் மைனியின் அறிவிப்பு: 'மிஷின் கேடாச்சு. இனி பந்தி கிடையாது. நன்னாக்கத் தெரிஞ்ச ஆளு வந்தா உண்டு.' பந்தி விஷயத்தில் காது சிவந்த நாளிலிருந்து அவர் சொன்ன முதல் பொய் அது. நாங்கள் யாரும் சந்தேகப்படவில்லை.

உலகம் கவிழ்ந்ததுபோல் ஆகிவிட்டது கூட்டாளிகளுக்கு. தக்கலைக்காரர் கடையைப் பூட்டிவிட்டு, மனைவியையும் பின்னால் ஏற்றிக்கொண்டு, ஸ்க்ரூடிரைவரோடு வந்துவிட்டார். மைனி முற்றத்திலேயே மறித்து, சாயா கொடுத்து, மிஷினைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது, மாமியாருக்கு அடித்தாயிற்று என்று சொன்னாராம். ஒன்றுமே தெரியாத பெரியம்மா பக்கத்தில் நின்று, எதற்கும் இருக்கட்டும் என்று கையைத் தேய்த்துக்கொண்டாராம். வந்தவர்கள் நலம் விசாரித்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

பிறகு எல்லோரும் சேர்ந்து அண்ணனைப் பிடித்தார்கள். மஸ்கட்டிலிருந்தும் தக்கலையிலிருந்தும் செய்தி வந்தது, திருவனந்தபுரத்து ஆறாமவன்கூட மலையாளத்தில் எழுதினான். அண்ணன் போனிலேயே சரி செய்யச் சொல்லிப் பார்த்தார். பின்பக்கம் பச்சை விளக்கு எரிகிறதா என்று கேட்டால், இங்கே சிவப்புத்தான் இருக்கிறது என்பார் மைனி. கறுப்புப் பொத்தானை அழுத்து என்றால், அழுத்தினேன், அறையில் ஃபேன் ஓடுகிறது என்பார். அந்தக் கம்ப்யூட்டரைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றி மாட்டக் கூடியவர் இவர். அண்ணனுக்கு அது தெரியாது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் அண்ணனே சொன்னார், லீவு கேட்டுப் பார்க்கிறேன் என்று. ஊருக்கு வர அவருக்கு ஒரு முறையான காரணம் கிடைத்துவிட்டது. கேட்ட மறுநாளே லீவு கிடைத்ததைப் பற்றி மைனி ஒரு வார்த்தை கேட்கவில்லை, முதலாளி நல்ல மனுஷன் என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

என்னையும் வரச் சொன்னார். பெரியம்மா பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும் என்றார். நான் போய்ச் சேர்ந்த அன்றே மத்தியானம் தூறலில் அண்ணன் பெட்டியோடு வந்து இறங்கினார். திருவனந்தபுரத்தில் விமானம் இறங்கி நேராக வருவதாகச் சொன்னார். தாடி வளர்ந்திருந்தது, சட்டை தொளதொளவென்று கிடந்தது. பெரியம்மா அவர் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஒட்டிப் போயிருக்கிறானே என்று அடுக்களைக்கு ஓடினார். அண்ணன் யார் முகத்தையும் பார்க்காமல், முதலில் மிஷினைப் பார்க்கிறேன் என்று பின்னறைக்குள் போனார். மைனி பின்னாலேயே போனார். நான் வாசலில் நின்றேன்.

அண்ணன் குனிந்து கம்ப்யூட்டருக்குப் பின்னால் கையை விட்டார். கையில் வந்தது வயரின் முனை. பிளக் சுவரில் இல்லை, தேங்காய்க் குவியல் மேல் கிடந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது ஊரித்தானே கெடக்கு?"

மைனி அந்தப் பிளக்கை அவர் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டார்.

"ஆமா. குழித்துறையில இருந்து இரணியலுக்கு வர இத்தன நாளா?"

அண்ணன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் அழுவார் என்று நினைத்தேன். அவருக்குச் சிரிப்புத்தான் முதலில் வந்தது. ஏசி என்று சொன்னது ஞாபகம் வந்திருக்க வேண்டும். சிரித்துக்கொண்டே முகத்தைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். மைனி பக்கத்தில் உட்காரவில்லை, தொடவும் இல்லை.

கடைசியில் அண்ணன் தலையைத் தூக்காமல் கேட்டார். "அம்மைக்குத் தெரியுமா?"

"நான் ஒண்ணும் எழுதல்ல. நீங்களே போய்ச் சொல்லுங்கோ."

அண்ணன் பிளக்குக்காகக் கையை நீட்டினார். அதை முடித்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தாரோ என்னவோ. மைனி பிளக்கை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். அண்ணன் எழுந்து அடுக்களைக்குப் போனார்.

நாங்கள் இரண்டு பேரும் பின்னறையிலேயே நின்றோம். என் போனில் குழு இடைவிடாமல் துடித்துக்கொண்டிருந்தது. அண்ணன் வந்தாச்சா, என்ன கேடு, எப்போது திறக்கும் என்று வரிசையாகக் கேள்விகள். மைனி எதையும் திரும்பிப் பார்க்கவில்லை. அடுக்களைப் பக்கமாகக் காதை வைத்துக்கொண்டு நின்றார். அண்ணன் குரல் தாழ்ந்து கேட்டது, வார்த்தை புரியவில்லை. பிறகு பெரியம்மாவின் குரல் ஏறியது. இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டா என்னை இப்பிடி அழ வச்சே என்று ஏசினார். ஏச்சு நீண்டது, பிறகு தளர்ந்தது. பிறகு பாத்திரங்களை எடுத்து வைக்கிற சத்தமும், பெரியம்மா ஏதோ கேட்க அண்ணன் வாய் நிறையச் சோற்றோடு பதில் சொல்கிற சத்தமும் வந்தது.

மைனி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, குனிந்து பிளக்கைச் சுவரில் செருகினார்.

"இனி பந்திக்கு ஆளை விடலாம் மக்கா."